தாத்தாவின் காரும் எங்கள் நோட்டுப் புத்தகமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது மலைவாசஸ்தலப் பயணம், நூலகத்தின் பயன், அன்னையின் அன்பு என்று ஒவ்வொருவரும் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது கார் எஞ்சினில் இருக்கும் ஒரு பேரிங்கை. நீங்கள் சிரித்தாலும் சரி. பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அக்காளும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கையுமாகிய நாங்கள், சென்ற கோடை விடுமுறையை ஒரு பட்டறையில்தான் கழித்தோம். அங்கே கற்றதை எழுதாவிட்டால் எங்கள் மனம் ஆறாது.

எங்கள் தாத்தாவிடம் ஓர் அம்பாசிடர் கார் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு மாடல். 1983-இல் தாத்தா அதை இரண்டாம் கையாக வாங்கினாராம். எங்கள் அப்பா பள்ளிக்குப் போனதும், எங்கள் அத்தை மணமகளாய் ஆலயத்துக்குப் போனதும், நாங்கள் இருவரும் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததும் அந்தக் காரில்தான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் காரை மூலமாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை அம்பாசிடர் கார்கள் செய்யப்பட்டன. தாத்தாவின் காரில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர்கள். அதுவும் இங்கிலாந்து வழி வந்ததே.

அந்த எஞ்சினுக்கு ஒரு பழைய பழக்கம் உண்டு. எண்ணெய் கசியும். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இக்காலக் கார்களில் உள்ளது போன்ற ரப்பர் சீல் கிடையாது. தண்டில் திருகுபோல் வெட்டிய பள்ளம் ஒன்றே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்ப வேண்டும். வண்டி பழசாக ஆக அது கொஞ்சம் கொஞ்சமாய்த் தோற்றுப்போகும். அதனால் எங்கள் வீட்டு முகப்பில் காருக்கு அடியில் மணல் நிரப்பிய தகரத் தட்டு ஒன்று எப்போதும் இருக்கும். கசிவதும் புகைவதுமாக வாரத்துக்குக் கால் லிட்டர் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் கருவியோ என்றோ செத்துவிட்டது. ஆகையால் கம்பியை இழுத்து அளவு பார்ப்பது ஒன்றே வழி.

தாத்தாவுக்கு எண்பது வயது. முழங்கால் வலியால் குனிய முடியாது. அந்த வேலையை எங்களிடம் ஒப்படைத்தார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறக்க வேண்டும். கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதி ஒரு டிக் போட வேண்டும். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகச் செய்தோம்.

பிறகு அக்காளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது. தங்கைக்குக் கையில் கறை ஒட்டுவது பிடிக்கவில்லை. சென்ற ஆண்டு ஜனவரி கடைசி ஞாயிறன்று, 'போன வாரம்தான் பார்த்தோமே' என்று சொல்லிக்கொண்டு, பானெட்டைத் திறக்காமலே டிக் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. இப்படிப் பதினோரு வாரங்கள். சில நேரம் மூன்று வாரத்து டிக்கை ஒரே நாளில் போட்டோம். பேனா மாறினால் தெரிந்துவிடும் என்று அதே பேனாவைத் தேடி எடுத்ததும் உண்டு!

ஏப்ரல் நடுவில், தேர்வு முடிந்த கையோடு, மதுரையில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டோம். சித்தப்பா ஓட்டினார். திருச்சியிலிருந்து விராலிமலையைத் தாண்டியபோது எஞ்சினுக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். யாரோ உள்ளே இருந்து சுத்தியலால் தட்டுவது போல. காலை அழுத்தினால் வேகமாயிற்று. லேசாகக் காலை எடுத்தபோது இன்னும் உரக்கக் கேட்டது. சித்தப்பா உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். வண்டியை இழுத்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பினோம். திருமணத்துக்கு யாரும் போகவில்லை.

அன்று மாலை வீட்டில் பெரிய பேச்சு. "வேகமாக ஓட்டியிருப்பாய்" என்று எல்லோரும் சித்தப்பாவைக் கடிந்துகொண்டார்கள். தாத்தா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவின்போது மெதுவாக, "எனக்கும் வயசாச்சு, அதுக்கும் வயசாச்சு. பழைய இரும்புக்குக் கொடுத்துடலாம்" என்றார். அதற்குமேல் அவரால் சாப்பிட முடியவில்லை. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்பாவின் வற்புறுத்தலால், விற்பதற்கு முன் ஒருமுறை மேஸ்திரியிடம் காட்டுவது என்று முடிவாயிற்று. மேஸ்திரி நாற்பது ஆண்டுகளாக அம்பாசிடர் பார்ப்பவர். தாத்தாவோடு நாங்களும் போனோம்.

அவர் எடுத்த எடுப்பில் எஞ்சினைக் கழற்றிவிடவில்லை. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்போல முதலில் கேட்டார், பிறகு தொட்டார். எண்ணெயை வடிகட்டி ஒரு தட்டில் பிடித்தார். நான்கு லிட்டருக்குமேல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லிட்டர்தான் வந்தது! அதை வெயிலில் சாய்த்துக் காட்டினார். எண்ணெய்க்குள் ஜரிகைத் தூள் போல மினுமினுவென்று ஏதோ மிதந்தது. "இதெல்லாம் பேரிங்கோட சதை, பாப்பா" என்றார்.

பிறகு புது எண்ணெய் ஊற்றி, சோதனைக்கென்று ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சில நிமிடங்களே ஓட்டினார். குளிர்ந்திருந்தபோது ஓரளவு காட்டிய முள், சூடேறியதும் தணிந்து பத்து பவுண்டுக்குக் கீழே போய்விட்டது. தேய்ந்த பேரிங்கின் இடைவெளி வழியே எண்ணெய் ஓடிவிடுவதால் அழுத்தம் நிற்பதில்லையாம். அடுத்து, கைப்பிடியில் ரப்பர் போட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். முதலாவதை எடுத்தார், சத்தம் அப்படியே இருந்தது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதை எடுத்ததும் 'டொக் டொக்' பாதியாய்க் குறைந்தது. அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரியாவிட்டால் பிஸ்டனைத் தள்ளும் விசை இல்லை. விசை இல்லாவிட்டால் தளர்ந்த பேரிங் தட்டுவதும் அடங்கிவிடும். "மூணாம் நம்பர் பிக் எண்ட் பேரிங் அடிச்சிருச்சு. மெயின் பேரிங்னா இன்னும் கனமா, தொம் தொம்னு கேட்கும்" என்றார். சித்தப்பாவைப் பார்த்து, "நீங்க உடனே நிறுத்தினதுதான் நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா கனெக்டிங் ராடு ஒடைஞ்சு எஞ்சின் பிளாக்கையே கிழிச்சிருக்கும்" என்று கூறினார். சித்தப்பாவின் முகம் அன்றுதான் தெளிந்தது.

இங்கே பேரிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறோம். சைக்கிள் சக்கரத்தில் உள்ளது போல இதில் குண்டுகள் கிடையாது. பாதி வளையல் போன்ற இரண்டு தகடுகள், அவ்வளவுதான். எஃகு முதுகின்மேல் மென்மையான உலோகப் பூச்சு. இரண்டும் சேர்ந்து கிராங்க் ஷாஃப்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கார் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தக் கழுத்து நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவைக்குமேல் சுற்றுகிறது. ஆயினும் பேரிங்கும் கழுத்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை! இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு; நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் எஞ்சினின் அடியை எல்லாம் தாங்குகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் இயற்பியல் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர்கள் ஒரு செய்தி கூறினார்கள். 1883-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்னும் பொறியாளர், இரயில் வண்டி அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். உள்ளே போக வேண்டிய எண்ணெய் துளை வழியே வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது! சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துத் தன் அடியில் ஆப்புப் போலச் செருகிக்கொண்டு, அதன்மேல் மிதக்கிறது என்பது இவ்வாறுதான் தெரியவந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். பேரிங்குக்கு மென்மையான உலோகம் ஏன் என்றும் கேட்டோம். வெள்ளீயம், செம்பு, ஆன்டிமனி கலந்த அத்தகைய உலோகத்தை அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் உருவாக்கினாராம். தூசி வந்தால் அது தன்னுள் புதைத்துக்கொள்ளும். எண்ணெய் வற்றினால் தான் தேய்ந்து, விலையுயர்ந்த தண்டைக் கூடியவரை காப்பாற்றும்.

மறுபடி பட்டறைக்கு வருவோம். சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தூக்கி இறக்கிக் கவிழ்த்து வைத்தார்கள். மூன்றாம் பேரிங்கைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார் மேஸ்திரி. சாம்பல் நிறமாக வழவழப்பாய் இருக்க வேண்டிய உட்புறம் கிழிந்து, செம்பு நிறம் வெளியே தெரிந்தது. ஓரத்தில் உருகி வழிந்த அடையாளம்.

"எண்ணெய் ஏன் இவ்வளவு குறைஞ்சுது? யாரு பார்த்துக்கறது?" என்று கேட்டார் மேஸ்திரி.

தாத்தா பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "என் பேத்திங்க ஒரு வாரம்கூட விட்டதில்லை. நீங்களே பாருங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையை இன்றும் நாங்கள் மறக்கவில்லை.

மேஸ்திரி ஏடுகளைப் புரட்டினார். அத்தனை ஞாயிறும் டிக். "அப்போ அளவு சரியாத்தான் இருந்திருக்கு. இப்போதான் எங்கேயோ கொட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். அவர் கண் எண்ணெய் ஃபில்டரின்மேல் நின்றது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அதே பட்டறையில்தான் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினார்கள். மாற்றியவர் அங்கே தொழில் பழகும் ஓர் அண்ணன். எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் எண்ணெய் பீறிடும் என்பதால், மேஸ்திரி அவரை எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகத் திட்டினார். "சரியாத்தான் போட்டேன் மேஸ்திரி" என்று அந்த அண்ணன் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மண்ணெண்ணெயில் போல்ட்டுகளைக் கழுவினார்.

நாங்கள் வாயைத் திறக்கவில்லை, தோழியரே! இதை எழுதும்போது எங்கள் கை கூசுகிறது.

அன்று இரவு தங்கைக்கு ஒரு நினைப்பு வந்தது. ஸ்டோர் அறையில் ஜனவரியில் வாங்கிய எண்ணெய் டின் மூடிகூடத் திறக்காமல் இருந்தது. ஊற்றியதாகக் கணக்கு, டின்னோ நிறைய. யாராவது பார்த்தால்? அதைத் தோட்டத்தில் கொட்டிவிடலாம் என்று அவள் டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். அக்காளும் பின்னால் போனாள். வாழை மரத்தடியில் நின்று மூடியைத் திருகினோம். அப்போதுதான் அக்காள் சொன்னாள்: "இதையும் கொட்டிட்டா, அந்த அண்ணன்தான் செய்ததுன்னு ஆயிடும்." மூடியை மறுபடி இறுக்கிக்கொண்டு நேராகத் தாத்தாவின் அறைக்குப் போனோம்.

தாத்தா விழித்துத்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். அழுதோம். அவர் திட்டவில்லை. நெடுநேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்கிட்ட சொன்னது சரி. ஆனா பேச்சு வாங்கினது நான் இல்லையே" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாங்கள் பட்டறையில் நின்றோம். மேஸ்திரியிடமும் அந்த அண்ணனிடமும் உண்மையைச் சொன்னோம். மேஸ்திரி நோட்டுப் புத்தகத்தை மூடி எங்களிடமே கொடுத்தார். "காரு பொய் சொல்லாது, பாப்பா. பொய்க் கணக்கை நம்பி நான் தப்பான எடத்துல தேடினேன். புள்ளையையும் வஞ்சுட்டேன்" என்றார். எல்லோருக்கும் டீ வரவழைத்து, முதல் குவளையை அந்த அண்ணனிடம் தம் கையாலேயே நீட்டினார். அண்ணன் எங்களைப் பார்த்து, "சரி, விடுங்க. எண்ணெய்க் கம்பி எங்கே இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை; ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிற்று.

அன்றுமுதல் விடுமுறை முடியும்வரை, காலையில் இரண்டு மணி நேரம் அங்கே வேலை செய்வது என்று தாத்தா எங்களுக்குத் தண்டனை விதித்தார். அது தண்டனையாக நீடிக்கவில்லை. கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே கழுத்தில் மேலும் கீழும் ஓர் அளவு, பக்கவாட்டில் வேறு அளவு வந்தால் அது முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது என்று பொருள். மூன்றாம் கழுத்து அப்படித்தான் இருந்தது, கீறல்களும் இருந்தன. ஆனால் வெடிப்பு இல்லை. "கிராங்க் பொழைச்சுக்கும்" என்று மேஸ்திரி சொன்னபோது தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்பிக் கழுத்துகளைச் சாணை பிடித்தார்கள். இந்த எஞ்சினுக்குப் பத்து, இருபது, முப்பது, நாற்பது தவுசண்ட் என்று படிப்படியாகக் குறைந்த அளவுகளில் பேரிங் கிடைக்கும். எங்கள் கிராங்க் ஏற்கெனவே ஒரு முறை பத்து எடுக்கப்பட்டது. இப்போது இருபது ஆயிற்று. இன்னும் இரண்டு முறைதான் அதற்கு வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு தவறும் தண்டை மெலியச் செய்கிறது!

சாணை பிடித்து வந்ததும் எங்களுக்கு முக்கியமான வேலை கிடைத்தது. கிராங்கிலும் பிளாக்கிலும் உள்ள எண்ணெய்த் துளைகள் அத்தனையையும் மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பியில் துணி கட்டிக் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய பேரிங்கின் ஜரிகைத் தூள் ஒரு துளி அங்கே தங்கினாலும் புதுப் பேரிங்கைத் தின்றுவிடும். மூன்று நாள் சுத்தம் செய்தோம். முடிந்துவிட்டது என்று நாங்கள் சொன்னபின் அந்த அண்ணன் வெள்ளைத் துணியை விட்டு இழுத்துப் பார்த்தார். துணி கறுத்தது. நாலாம் நாளும் செய்தோம்.

பிறகு நான்கு பிக் எண்ட் பேரிங்குகளும் மூன்று மெயின் பேரிங்குகளும் புதிதாகப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் அதன் மூடியே போட வேண்டும், எண் மாறக்கூடாது. பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய மெழுகு நூலைக் கழுத்தின்மேல் வைத்து, மூடியை இறுக்கி, மறுபடி கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட்டு இடைவெளியைத் தெரிந்துகொள்ளலாம். அந்த அளவை நோட்டில் எழுதும் பணி எங்களுக்கு! கண்ணால் பார்த்த எண்ணை மட்டுமே எழுதினோம். எல்லாம் சரியாக அமைந்தபின், எண்ணெய் தடவி, டார்க் ஸ்பேனரால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கினார்கள். கடைசியில் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, அழுத்தமானியின் முள் ஏறும்வரை எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றினார்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருமுன் எஞ்சின் ஓடக்கூடாதல்லவா?

மே மாதக் கடைசி சனிக்கிழமை தாத்தாவே சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் காது கொடுத்துக் கேட்டோம். சூடேறிய பின்னும் முள் நிற்கும் இடத்தில் நின்றது. 'டொக் டொக்' இல்லை. தாத்தா ஒன்றும் பேசாமல் ஸ்டியரிங்கை இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார்.

அந்தக் கிழிந்த பேரிங் இப்போது தாத்தாவின் மேசைமேல், கண்ணாடிக் கூட்டின் பக்கத்தில் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தை எங்களிடமிருந்து பறித்துவிடுவார் என்று எண்ணினோம். அவர் புது நோட்டு வாங்கி எங்கள் பெயரையே எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு மாற்றம்: "டிக் வேண்டாம் கண்ணுங்களா. எத்தனை ஊத்தினீங்கன்னு எழுதுங்க. ஊத்தலைன்னா, ஊத்தலைன்னு எழுதுங்க."

தோழியரே, இந்தக் கட்டுரையை எழுதும் இன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து, பானெட்டைத் திறந்து பார்த்தோம். பின்பக்கக் கசிவு இன்னும் இருக்கிறது. அது அந்த எஞ்சினின் பிறவிக் குணம். இருநூறு மில்லி ஊற்றினோம். எழுதிவிட்டோம். கையில் கறை இருக்கிறது. இந்தத் தாளின் ஓரத்திலும் கொஞ்சம் ஒட்டிவிட்டது. ஆசிரியை மன்னிக்க வேண்டும்.